நான்கு பேர் தூக்கிய ஜெனரேட்டர்

4.8.2025, திங்கள்

கவியாவுக்கு 20ஆம் தேதி பதினோரு மணிக்கு இன்டர்வியூ. சென்னைக் கம்பெனி, லேப்டாப்பிலேயே பேசுவார்களாம். வேலை கிடைத்தால் குரும்பலூரில் நம் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம், இல்லையென்றால் சென்னை ஆபீசுக்குப் போகலாம். ஒரே பெண். எது நல்லது என்று யோசிக்கவா வேண்டும்? ஒரே சிக்கல் - மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் கிடையாது. இந்த மாதம் அதுவும் 20ஆம் தேதியாம். ஜெனரேட்டர் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். எட்டாம் வகுப்பு படித்தவன் முடிவெல்லாம் வேகமாகத்தான் இருக்கும்.

6.8

கவியா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்: லேப்டாப், மோடம், ஒரு ஃபேன். "இவ்வளவுதாம்ப்பா. சின்னதா, சத்தம் கம்மியா இருந்தாப் போதும்." அவள் அம்மா அம்பிகா மிக்ஸியையும் ஃபிரிட்ஜையும் சேர்த்தாள். டீ குடிக்க வந்த மச்சினன் தமிழ்மாறன் போர் மோட்டாரைச் சேர்த்தான்.

10.8, ஞாயிறு

பெரம்பலூர் கடை. கடைக்காரர் சூட்கேஸ் மாதிரி ஒன்றை ஓட்டிக் காட்டினார். ஓடுகிறதா என்று குனிந்து காது வைத்துப் பார்த்தேன். லேப்டாப்புக்கு இதுதான் சரி, கரண்ட் ஏறி இறங்காது என்றார். போர் மோட்டார்? கிளம்பும்போது மூன்று மடங்கு இழுக்கும், இது தாங்காது, பெரிய டீசல்தான் வேண்டும், சத்தமும் பெரியதாக இருக்கும் என்றார். தமிழ்மாறன் என் காதில் சொன்னான்: "ஒத்த லேப்டாப்புக்கு ஜெனரேட்டர் வாங்குனோம்னா ஊர்ல சிரிப்பாங்க மாமா."

பெரியதையே எடுத்தேன். கையில் தூக்கிப் போகும் வகை என்று அட்டையில் போட்டிருந்தது. நான்கு பேர் தூக்கினோம்.

11.8

ஓட்டிப் பார்த்தோம். தெருவே வந்து பார்த்தது. நான் அரை அடி வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. கவியா காதைப் பொத்திக்கொண்டு போனாள். புகை விஷம், வீட்டுக்குள் வைக்கவே கூடாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கொல்லையில் வைத்தேன். அது கவியா அறை ஜன்னலுக்கு நேர் கீழே என்பது பிறகுதான் உறைத்தது. பழகிவிடும்.

20.8

ஒன்பதுக்குக் கரண்ட் போனது. ஓட்டினேன். பத்தரைக்குப் பக்கத்து வீட்டு செங்கமலம் அக்கா கிரைண்டரோடு வந்தாள். "சும்மாத்தான ஓடுது தம்பி, ஒரு ஈடு அரைச்சுக்கிறேன்." மறுக்க முடியுமா? தெருவில் ஒரு வீட்டில் கரண்ட் இருந்தால் அது தெருவுக்கே கரண்ட். அடுத்து ஆறு செல்போன்கள் வந்தன.

பதினொன்றரைக்கு அறை வாசலில் போய் நின்றேன். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, கவியா கத்திச் சொன்னது மட்டும் கேட்டது: "பக்கத்துல மில்லு எதுவும் இல்ல மேடம். எங்கப்பா."

21.8

கவியா பேசவில்லை. அம்பிகா அதற்கும் சேர்த்துப் பேசினாள்.

28.8

வேலை கிடைத்துவிட்டது! வீட்டிலிருந்து பார்க்க அமைதியான இடம் இருக்கிறதா என்று கேட்டார்களாம். நீ என்னம்மா சொன்னே என்றேன்.

"என்னத்தப்பா சொல்றது. ஆபீசுக்கே வந்துடறேன்னு சொல்லிட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. இவளை இங்கேயே வச்சுக்கத்தானடா வாங்குனே அதை என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

7.9

பெரம்பலூரில் சென்னை பஸ் ஏற்றிவிட்டேன். பெட்டி கனமே இல்லை.

14.9, ஞாயிறு

இன்று கரண்ட் போகவில்லை. வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. மத்தியானம் ஜெனரேட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டினேன். அம்பிகா கொல்லைக்கு வந்து, எதற்கு என்பது போலப் பார்த்தாள். வாரம் ஒரு தடவை ஓட்ட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதாகச் சொன்னேன்.

அவர் அப்படிச் சொல்லவில்லை.