அயர்லாந்து மந்திரியும் எங்கள் ஒழுங்கை வடிகானும்

டிசம்பர் 3, 2024
மழை. ஒழுங்கையில், வாசலுக்கு வாசல், முழங்கால் அளவு தண்ணீர். பிரதேச சபைக்குப் பதினைந்தாவது மனுவை எழுதி முடித்தேன். உப்புவெளியில் என்னைப்போல் மனு எழுத ஆளில்லை. துறைமுகக் கந்தோரில் முப்பது வருடம் எழுதிய கை. ‘ஐந்து வருடமாக வடிகான் ஓடாமல் நாங்கள் படும் பாடு’ என்று தொடங்கி, சனசமூக நிலையத் தலைவர் என்று கையெழுத்துப் போட்டேன். 22ஆம் திகதி பொதுக்கூட்டம், தலைவர் தெரிவு. இம்முறையும் போட்டி இருக்காது. அயர்லாந்து மந்திரியின் அண்ணனை எதிர்த்து யார் நிற்பார்?

டிசம்பர் 5
தங்கை நிருசா அயர்லாந்திலிருந்து அழைத்தாள். பத்தாம் திகதி வருகிறாளாம், இரண்டு கிழமை லீவு. “அண்ணா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.”
சந்தியில் தேநீர்க்கடை வைத்திருக்கும் அபூதாஹிரிடம் மட்டும் சொன்னேன்.

டிசம்பர் 6
ஊருக்கே தெரிந்துவிட்டது.

டிசம்பர் 7
இங்கேயாவது உண்மையை எழுத வேண்டும். என் தங்கை மந்திரி இல்லை. தாதியாகப் போனவள், பேர் சொல்ல என் வாய்க்கு வராத ஒரு சின்னப் பட்டணத்தில் மாவட்ட சபை உறுப்பினர். 2019இல் அவள் வென்றபோது அபூதாஹிர், “மந்திரி மாதிரியோ?” என்று கேட்டார். “ஓம், அப்பிடித்தான்” என்றேன். ‘மாதிரி’ ஒரு கிழமையில் கழன்று விழுந்துவிட்டது. நான் குனிந்து எடுத்துக் கொடுக்கவில்லை.
அந்த வருடமே வாசலில் வடிகானுக்கு மேல் கொங்கிறீட்டும் போட்டேன். மந்திரியின் வாகனம் உள்ளே வர வேண்டாமா?

டிசம்பர் 10
மந்திரி ஓட்டோவில் வந்து இறங்கினாள். முதுகில் ஒரு பை. அபூதாஹிர் மாலையைப் பிடித்தபடி, பின்னால் பெரிய வாகனம் வரும் என்று கால் மணித்தியாலம் வீதியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டிசம்பர் 12
இவளுக்கு வீட்டில் இருக்கத் தெரியாது. காலையில் ஒழுங்கை முழுக்கக் கதவு தட்டி, என்ன குறை என்று கேட்டுக் கொப்பியில் எழுதினாள். பின்னேரம் முன்பின் தெரியாத ஒருவரின் செத்தவீட்டுக்குப் போய் வந்தாள்.
“அங்க அரசியல் இதுதான் அண்ணா. கதவு தட்டோணும், செத்தவீட்டுக்குப் போகோணும், கானைப் பாக்கோணும். ரெண்டு தரம் நாயும் கடிச்சது.”
மந்திரியை நாய் கடிக்குமா? அபூதாஹிர் காதில் விழாமல் இருக்கட்டும்.

டிசம்பர் 13
விழுந்துவிட்டது.

டிசம்பர் 15, ஞாயிறு
எழுதக் கை வரவில்லை.
நிருசா நீளத் தடியோடு வடிகானில் இறங்கினாள். மேல் முனையிலிருந்து குத்திக்கொண்டே வந்தாள். பின்னால் ஒழுங்கைச் சனம் முழுக்க. எங்கள் வாசலில் தடி நின்றது. குனிந்து பார்த்தாள்.
“அண்ணா, இது உங்கட கொங்கிறீட். கீழ தண்ணி போக ஒரு சாண் இடமும் விடேல்ல.”
பதினைந்து மனு! பார்க்க வந்த சபை ஓவசியருக்கும் அதற்கு மேல்தானே கதிரை போட்டு, மனுவை வாசித்துக் காட்டினேன்? ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். என் மனைவி தங்கமுத்து மட்டும், “நான் அண்டைக்கே சொன்னனான்” என்றாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து எல்லாவற்றையும் அவள் அன்றைக்கே சொன்னவள்தான்.

டிசம்பர் 16
நிருசாவோடு கதைக்கவில்லை. சனத்துக்கு முன்னால சொல்லோணுமோ? உள்ளுக்கு வந்து காதோட சொன்னா வாயோ தேஞ்சுபோகும்?

டிசம்பர் 17
குசினியில் அவளாகவே தொடங்கினாள். ஜூன் மாதத் தேர்தலில் தோற்றுவிட்டாளாம். ஆறு மாதமாக எங்களுக்குச் சொல்லவில்லை. அங்கே சனம் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பு வாக்குப் போடும். கடைசி ஆளை நீக்கி நீக்கி இரண்டு நாள் எண்ணி, ஏழாவது சுற்றில் ஒன்பது வாக்கால் போயிற்று. ஒரு பெரிய குடும்பத்தின் மதில் வடிகானை அடைத்ததாம். இடிக்கச் சொல்லியிருக்கிறாள்.
“அந்த வீட்டில மட்டும் பதினொரு வாக்கு அண்ணா.”
“தெரிஞ்சுகொண்டோ சொன்னனீ?”
“பின்வீட்டில நடக்க ஏலாத ஒரு மனுசன் தண்ணிக்குள்ள கிடந்தவர். என்ன செய்ய?”
அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஐந்து வருடமாக மந்திரி மந்திரி என்று பெருமையடித்தேனே, ஒரு நாளாவது அங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டேனா?

டிசம்பர் 19
கொங்கிறீட்டை உடைத்தேன். அபூதாஹிர் அலவாங்கோடு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

டிசம்பர் 22
பொதுக்கூட்டம். எழுந்து நின்று சொல்லிவிட்டேன். தங்கச்சி மந்திரி இல்லை. இப்போது சபை உறுப்பினரும் இல்லை. வெள்ளத்துக்குக் காரணம் நான்.
“மந்திரி இல்லையெண்டு நாய் கடிச்ச கதையிலயே விளங்கிட்டு” என்றார் அபூதாஹிர். பிறகு என்னை எதிர்த்து நின்றார். நல்ல மனிதர் என்று மூன்று நாளுக்கு முன் எழுதியதை அடிக்கவில்லை.
பதினாறு வாக்கால் தோற்றேன். “என்னைவிட ஏழு கூட” என்று நிருசா முதுகில் தட்டினாள்.

டிசம்பர் 24
போய்விட்டாள். அடுத்த முறை திரும்ப நிற்பாளாம். தடியை எனக்கு விட்டுப்போயிருக்கிறாள்.

ஜனவரி 5, 2025
விடியற்காலையிலிருந்து கடும் மழை. தண்ணீர் கானுக்குள்ளேயே எங்கள் வாசலைத் தாண்டி ஓடுகிறது. ஒழுங்கையில் ஈரம் மட்டும். வாகனம் இனி உள்ளே வராது. என்னிடம் வாகனமும் இல்லை.
பத்து மணிக்கு அடுத்த ஒழுங்கை அம்ரா குடையோடு வந்தாள்.
“அங்கிள், எங்கட கானையும் ஒருக்கா வந்து பாப்பீங்களா?”
“நான் இப்ப தலைவர் இல்லை, பிள்ளை.”
“தெரியும். அதாலதான் வந்தனான். தலைவரெண்டா மனுத்தானே எழுதுவார்.”
தடியை எடுத்துக்கொண்டு போனேன். போகிற வழியில் மூன்று வீட்டுக் கதவைத் தட்டி, என்ன குறை என்று கேட்டேன். நாலாவது வீட்டில் நாய் கடித்துவிட்டது.