நீல ஸ்டிக்கரும் முன்வாசலும்

ஏனுங்க, காலையிலிருந்து வீடெல்லாம் மண்ணெண்ணெய் வாசம். உங்கள் கார் கண்ணாடியில் இருந்த சக்கர நாற்காலிப் படம் போட்ட நீல ஸ்டிக்கரை மகன் சுரண்டிக்கொண்டிருக்கிறான். வெயிலில் காய்ந்து இறுகிப்போய் லேசில் வருவதாக இல்லை. "இருந்துட்டுப் போவட்டுமே அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போனா வண்டி நிறுத்த எடம் கெடைக்குமல்ல" என்றான் முதலில். அந்த அனுமதி உங்கப்பாவுக்குக் கொடுத்தது, காருக்கு இல்லை என்றேன். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக்கொண்டு சுரண்ட உட்கார்ந்துவிட்டான். ஆனால் நான் சுரண்டச் சொன்னதற்கு வேறு காரணமும் உண்டு. அதை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

டிராக்டர் கவிழ்ந்து இடது கால் போன பிறகு, கையாலேயே ஓட்டும்படி மாற்றிய இந்தக் காரை வாங்கினீர்கள். மீனாட்சிபுரத்துத் தோப்புத் தடங்களில் நீங்கள் ஓட்டிய ஓட்டம் எனக்கல்லவா தெரியும்! ஸ்டிக்கருக்கு மட்டும் மசியவே இல்லை. "கால் போனத ஊருக்கெல்லாம் தமுக்கடிக்கோணுமா?" என்றீர்கள். பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் ஒருநாள் காரைக் கடைசி வரிசையில் நிறுத்திவிட்டு, கொளுத்தும் வெயிலில் ஊன்றுகோலோடு நடந்து வந்து, வாசலிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு நான் விடவில்லை. நச்சரித்து நச்சரித்து வாங்க வைத்தேன். ஆஸ்பத்திரியிலும் பேங்கிலும் வாசலருகே இடம் கிடைத்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அப்புறம் என் சித்தப்பா மகன் வீட்டுக் கல்யாணம் வந்தது. மண்டபத்து வாட்ச்மேன் ஸ்டிக்கரைப் பார்த்ததும் ஓடி வந்தார். "நீங்க பின்னால போயிருங்க சார். பந்தி வாசல் வரைக்கும் காரு போகும், படியே ஏற வேண்டாமுங்க" என்றார். நல்ல மனுஷர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சரிவுப் பாதை வழியாக நேராகப் பந்திக்கே போய்ச் சேர்ந்தோம். இலை போட்டார்கள், பரிமாறினார்கள். நீங்கள் கை வைக்கவில்லை.

"என்னைய இன்னும் வாங்கன்னு ஆரும் சொல்லலையே" என்றீர்கள்.

நம் ஊர்ப் பக்கம் சாப்பாடு அப்புறம்தான். பெண்ணைப் பெற்றவர் முன்வாசலில் நின்று கைகூப்பி வாங்க என்று சொன்னால்தான் வந்தவர் வந்ததாகக் கணக்கு. அது எனக்கும் தெரியும். ஆனால் வெளியே மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. "வீம்பு பண்ணாதீங்க, விழுந்து வைக்காதீங்க" என்று கெஞ்சினேன். நீங்கள் எழுந்துவிட்டீர்கள். மண்டபத்தை முழுக்கச் சுற்றி, சேற்றில் ஊன்றுகோல் புதையப் புதைய, முன்வாசலுக்கு வந்து, பெண்ணைப் பெற்ற என் தம்பி எதிரில் நின்றீர்கள். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

"மாமா, நீங்க அப்பவே வந்து பந்தியில இருக்கறதாச் சொன்னாங்களே?" என்றான் அவன்.

"இப்பத்தான் வர்றேன்" என்றீர்கள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுண்டிப்போய், "வாங்க மாமா, வாங்க" என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டான். திரும்பி வரும்போது காரில் சொன்னீர்கள்: "எடம் குடுக்கறாங்க, சரி. அந்த எடத்த முன்னால குடுத்தா என்னவாமா?" பிறகொரு நாள் மண்டபத்துக்காரரிடமும் கேட்டுப் பார்த்தீர்கள். முன்னால் மணமக்கள் கார் நிற்க வேண்டும் என்று அவர் மழுப்பிவிட்டார்.

போன வாரம் அதே மண்டபத்தில் உங்கள் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீரை உங்கள் இடத்தில் நின்று மகன் செய்தான். நீங்கள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாளே உங்கள் தங்கை, அண்ணியான எனக்குப் போன் செய்தாள். "நங்கை, நீங்க பந்திப் பக்கமா வந்துருங்க. நம்ம காருதான் அங்க வரைக்கும் போவுமல்ல. எதுக்கு முன்னால ஏறி எறங்கிச் சிரமப்படறீங்க?"

தினமும் பால் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு நடக்கிற கால்கள் என்னுடையவை. படி ஏறுவதா எனக்குச் சிரமம்? புருஷன் போனவள் முகூர்த்த நேரத்தில் முன்வாசலில் எதிர்ப்பட வேண்டாம் என்பதை அவள் வாயால் சொல்லவில்லை. உங்கள் ஸ்டிக்கரை வைத்துச் சொன்னாள். போனை வைத்துவிட்டு அழுதேன். கோபமும் வந்தது.

கல்யாணத்தன்று வாட்ச்மேன் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் கை காட்டினார். மகன் ஸ்டியரிங்கைத் திருப்பினான். "நிறுத்து" என்று சொல்லி ரோட்டிலேயே இறங்கினேன்.

முன்வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு உங்கள் தங்கை நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. யாரோ ஒருத்தி, "அக்கா, அந்தப் பக்கமா..." என்று என் முழங்கையைத் தொட்டாள். நான் அசையவில்லை. எனக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்தது. பொய் சொல்லவில்லை, திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. உங்கள் தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கண் கலங்கியது.

"வாங்க நங்கை" என்றாள்.

உள்ளே போனேன். நிலமும் தோப்பும் மகன் பேருக்கு மாறிவிட்டன. உங்களிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒன்றுதானுங்க: வாங்க என்று சொல்லும்வரை வாசலில் நிற்க எனக்குத் தெரியும்.