மகாராணிக்கு ஒரு கார்செட்

மகாராணிக்கு,

உன் தையல் குழு தைக்கும் அந்தக் காலத்து கார்செட், அதாவது இடுப்பை இறுக்கும் கச்சையின் பேட்டர்னை உன் அளவுக்குப் பெரிதாக்கி, வெட்டி, ஓட்டுத்தையலும் போட்டுவிட்டேன். என் காபி இன்னும் ஆறவில்லை!

"இருபத்திரண்டு அங்குல இடுப்பா? என் தொடைக்கே பத்தாது. நீங்கள்லாம் தச்சுப் போட்டுக்கோங்க, நான் ஊசி கோத்துத் தரேன்" என்று தையல் குழுவிடம் நேற்று ஒதுங்கிக்கொண்டாயே, எனக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷம் நில வரைபடங்களைப் பெரிதாக்கியவனுக்கு உன் இடுப்பு எம்மாத்திரம்? துண்டுகள் பன்னிரண்டு, ஒவ்வொன்றிலும் ஓர் அங்குலம் கூட்டினேன். அவ்வளவுதான். நாற்காலியில் இருக்கிறது, போட்டுப் பார். கேட்காமல் செய்ததில் கோபமிருந்தாலும் சாப்பிட்டுவிட்டுப் போடு.

பி.கு.: எந்தப் படுக்கை விரிப்பை வெட்டினேன் என்று மட்டும் கேட்காதே.

கீழே, மனைவியின் கையெழுத்தில்:

சாப்பிட்டுட்டுத்தான் போட்டேன். கச்சிதமா இருக்கு. நீங்க சொன்னது நிஜந்தாங்க, அவ்வளவுதான் விஷயம், ஒத்துக்கிறேன். குழுவுக்குத் துணி வெட்டப் போறேன், எனக்கும் சேர்த்து.