மணல் திட்டில் இறங்காதவர்

அண்ணாச்சி,

இன்று காலை திருத்தங்கல் சந்தையில் கருவாட்டு வாடை அடித்ததும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. ராமேஸ்வரம் பக்கத்துக் கடற்கரையில், கருவாடு காயும் குடிசைக்குள் படகுக்காகக் காத்திருந்த அந்தப் பகல் முழுக்க இதே வாடைதான்.

எங்கள் ஊர் மல்லாங்கிணற்றில் மழை இல்லாத வருஷம் அது. என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தார். எனக்கும் கைக்குழந்தைக்கும் அங்கே போக பெர்மிட் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் உங்களிடம் வந்தேன். கள்ளத்தோணிக்கு ஆள் சேர்க்கிறவர் என்று ஊரில் உங்களைத் தாழ்வாகத்தான் பேசுவார்கள். போகவேண்டி வந்தால் அவர்களே உங்கள் வாசலில் நிற்பார்கள்.

படகுக்காரனிடம் எங்களை ஒப்படைத்ததும் நீங்கள் திரும்பியிருக்கலாம். ஆனால் முந்தின தடவை நீங்கள் அனுப்பினவர்களை அவன் நடுக்கடல் மணல் திட்டில் இறக்கி, இதுதான் சிலோன் என்று சொல்லிவிட்டு வந்த சேதி அந்தக் குடிசையில்தான் உங்கள் காதுக்கு எட்டியது. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இரண்டு பேர் செத்திருந்தார்கள்.

"யாரும் ஏறாதீக. ஊருக்குத் திரும்பிருவோம்" என்றீர்கள்.

"ஊர்ல என்ன அண்ணாச்சி இருக்கு? நான் போறேன்" என்று நான்தான் முதலில் எழுந்தேன்.

என் இடுப்பிலிருந்த குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறினீர்கள்.

"நீரு எதுக்கு?" என்றான் படகுக்காரன்.

"இவுகள எங்கன எறக்குறியோ, அங்கன என்னையும் எறக்கு."

விடியும்போது மணல் திட்டருகே நிறுத்தி இறங்கச் சொன்னான். நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. "கரை இன்னும் வரலயேலே. ஓட்டு" என்றீர்கள். அவன் வைதான், துடுப்பை ஓங்கினான். உங்களைப் பார்த்து நாங்களும் அசையாமல் இருந்தோம். வேறு வழியில்லாமல் ஓட்டினான்.

கரையில், முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொருவராக இறக்கிவிட்டீர்கள். போலீஸ் வந்தபோது நாங்கள் புதருக்குள் ஓடிவிட்டோம். நடக்கமாட்டாத ஒரு கிழவரைத் தூக்கி வந்த நீங்கள் அகப்பட்டீர்கள்.

சில வருஷம் கழித்து எங்களையும் பிடித்து இந்தியாவுக்கே அனுப்பிவிட்டார்கள். நீங்கள் ஜெயிலிலிருந்து வந்து, சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தீர்கள்.

"எங்களால ஜெயிலுக்குப் போனீகளே" என்றேன்.

"செத்த ரெண்டு பேரும் என்னை நம்பித்தான் வந்தாக, தாயி. அந்த ஜெயிலு அதுக்குக் காணாது" என்றீர்கள்.

அன்று இடுப்பிலிருந்தவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். உங்கள் சாவுக்குப் போய் வந்த அன்று, "அவுக நமக்கு யாரும்மா?" என்று கேட்டாள். கடத்தினவர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. செத்த அந்த இரண்டு பேர் வீட்டிலும் உங்களுக்கு வேறு பேர் இருக்கும். அதை நான் இல்லையென்று சொல்லமுடியாது. எங்கள் வீட்டில் உங்களுக்குப் பேர், கூட வந்தவர்.