என் இடது காதின் சாட்சி

ஜூன் 10, செவ்வாய்

மாவு புளிக்கவில்லை. காலையில் இட்லி எல்லாம் கூழாங்கல். கடைக்கு வந்தவர்கள் ஒருத்தர் விடாமல் குறை சொன்னார்கள். நான் இடது காதை அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டேன். அந்தக் காது மந்தமாகி மூன்று வருஷம். கடை வைத்திருக்கிறவளுக்கு அதுவும் ஒரு சௌகரியம்தான்.

மத்தியானம் தாம்பரத்தில் ஜஹீராவிடம் போனேன். காது மிஷின் வைக்கிற பொண்ணு. சின்ன வயசு, பெரிய பொறுமை. அளவு எடுத்துவிட்டு, "ரெண்டு வாரத்துல வந்துடும்மா. அப்புறம் வீட்டுக்காரர் பேசுறது காதுல விழலன்னு தப்பிக்க முடியாது" என்றாள்.

"அதான்மா எனக்கும் பயம்" என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது? சிரிப்பும் வருகிறது, பயமாகவும் இருக்கிறது.

சபையில் இன்று சுகமளிக்கும் கூட்டம். வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வந்திருந்தார். நான் நடத்துகிற பாலர் வகுப்புப் பிள்ளைகளோடு பின்னால் உட்கார்ந்திருந்த என்னை ஈவ்லின் அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினார். ஞாயிறு பள்ளிக்கு அவர்தான் தலைவி. மறுக்க முடியுமா? ஊழியக்காரர் என் இடது காதை அழுத்திப் பிடித்து ஜெபித்தார். கையை எடுத்துவிட்டு, "இப்போ கேக்குதாம்மா?" என்று கத்தினார். மைக்கில் வேறு. வலது காது நன்றாகத்தானே இருக்கிறது? "கேக்குது" என்றேன்.

அவ்வளவுதான். சபையே அல்லேலூயா என்று எழுந்து நின்றது. "ஐயா, நான் சொன்னது வலது காதை..." என்று கத்திப் பார்த்தேன். ஒருத்தர் காதிலும் விழவில்லை. அந்த நேரத்தில் அங்கே செவிடில்லாத ஒரே ஆள் நான்தான்.

ஈவ்லின் அக்கா அழுதுகொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் ஆஸ்டின் சார் பக்கவாதம் வந்து ஒரு வருஷமாகப் படுக்கையில். சக்கர நாற்காலி வாங்கினால் அவிசுவாசம், அவர் நடந்துதான் கோயிலுக்கு வருவார் என்று அக்கா பிடிவாதமாக இருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்ததும் மறுபடி கத்தாமல் என் இடத்துக்கே போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

எங்கள் சபை பாஸ்டர் ஜீவானந்தம் ஐயாவுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். "விசுவாசமா இரும்மா, சுகம் படிப்படியா வரும்" என்றார்.

"இப்ப எந்தப் படியில நிக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்கய்யா" என்றேன். சிரிக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

மிஷின் வந்துவிட்டது. ஜஹீரா மாட்டிவிட்டு, என் இடது பக்கம் வந்து நின்று, "சாப்டீங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். அழுதுவிட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு அழுகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் இவ்வளவு சத்தமா? இதுவரை ஜெபம் என்றால் நானே பேசித் தீர்த்துவிட்டு ஆமென் போட்டு எழுந்துவிடுவேன். ஆண்டவரை வாய் திறக்க எங்கே விட்டேன்? இன்று அடுப்படியில் ஒன்றும் கேட்காமல் சும்மா நின்றேன். காக்கா, பக்கத்து வீட்டுக் குழாய், தூரத்தில் ரயில். கடைசியில் ஆமென் மட்டும் சொன்னேன். நல்ல ஜெபம்.

ஜூலை 2, புதன்

இரும்புலியூர் பஸ் ஸ்டாப் போஸ்டரில் நான்! 'செவிடான சகோதரி கேட்கிறார்! சாட்சி: சரோஜினி.' பத்தொன்பதாம் தேதி மைதானத்தில் பெருவிழாவாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் எலியேசர் நின்று நிதானமாகப் பார்த்தார். "இன்னாடி, உன் மூஞ்ச இவ்ளோ பெருசா பாக்க பயமா கீது."

ஜூலை 6, ஞாயிறு

மிஷினோடு வகுப்புக்குப் போனேன். நாலு வயசு எபி, "டீச்சர் காதுல நத்தை!" என்றான். எல்லோரும் வரிசையாக வந்து நத்தையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

ஈவ்லின் அக்காவும் பார்த்துவிட்டார். படிக்கட்டுக்குக் கீழே கூப்பிட்டு, "அதைக் கழட்டு சரோ. ஆண்டவர் கொடுத்த சுகத்தை அசிங்கப்படுத்தாத" என்றார்.

"அவர் கொடுக்கலையேக்கா."

"மேடையில சாட்சி சொல்லலைன்னா உனக்குப் பாலர் வகுப்பு கிடையாது. அவிசுவாசி கையில பிள்ளைங்கள விடமாட்டேன்." அப்புறம் குரல் உடைந்துபோனது. "நீ சுகம்னு சொன்னாத்தான் சரோ... அவரும் எழுந்திருப்பாருன்னு நான் நம்பிக்கிட்டு இருக்க முடியும்."

திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஜூலை 7, திங்கள்

நான் படிச்சது அஞ்சாவது. வசனத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனா தீர்க்கதரிசிய மீன் முழுங்குறதை என் முந்தானையிலேயே செஞ்சு காட்டுவேன், பிள்ளைங்க கண்ண எடுக்காது. இதுக்குத்தான் ஆண்டவர் என்னைக் கூப்பிட்டார். அது எனக்குத் தெரியும். அதைப் புடுங்குவாங்களா?

பொய் சொல்லக் கூடாதுன்னு அதுங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். அதுங்க முன்னாடி மேடை ஏறிப் பொய்யா? மாட்டேன். வகுப்பு போனாலும் மாட்டேன். அப்பா, நீர் சுகம் தரலைன்னு சொன்னா உமக்கு என்ன குறைஞ்சிடும்? இவங்க எதுக்கு உமக்காக வெட்கப்படுறாங்க?

ஜூலை 18, வெள்ளி

எலியேசர், "காய்ச்சல்னு சொல்லிட்டு வூட்லயே இரு. சின்னப் பொய்தான்" என்றார்.

"சின்னதா ஒரு 'கேக்குது' சொன்னதுக்குத்தான் அவ்ளோ பெரிய போஸ்டர் அடிச்சாங்க" என்றேன்.

ஜூலை 19, சனி

மிஷின் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கொண்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். சொன்னது இவ்வளவுதான்:

"என் இடது காது அன்னிக்கும் சரியாகல, இன்னிக்கும் சரியாகல. வலது காதுல கேட்டுத்தான் கேக்குதுன்னேன். இப்ப இந்த மிஷின் வெச்சுக் கேக்குறேன். மூணு வருஷமா சுகம் கேட்டேன், தரல. தரலைன்னு நான் அவரை விட்டுடல. அவரும் என்னை விடல. இதான் என் சாட்சி."

மைக்கை வாங்க ஓடி வந்த தம்பியிடம், "இருப்பா, ஆமென் சொல்லிக்கிறேன்" என்றேன். சொன்னேன். திருப்பி யாரும் சொல்லவில்லை. அவசரமாகப் பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள்.

ஈவ்லின் அக்கா எழுந்து வெளியே போனதைப் பார்த்தேன். அது ஒன்றுதான் வலிக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

வகுப்பு போச்சு.

ஜூலை 24, வியாழன்

சபைக்காரர்கள் கடைப் பக்கம் வருவதில்லை. இன்று பாஸ்டர் ஐயா மட்டும் வந்தார். "அதைச் சொல்ல அந்த மேடைதானாம்மா கிடைச்சுது?"

"ஏத்தினது நீங்கதானேய்யா."

இட்லியைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் சிரித்தார். இரண்டு முறை சட்னி கேட்டார்.

போஸ்டரில் என் முகத்தின் மேல் இப்போது துணிக்கடை விளம்பரம். ஆடித் தள்ளுபடி. எனக்கு அதுவே நிம்மதி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முதல் பாட்டு முடிகிற நேரம். வாசலில் கிறீச் கிறீச்சென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ஈவ்லின் அக்கா. புது சக்கர நாற்காலியில் ஆஸ்டின் சார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். ஒரு வருஷம் கழித்துக் கோயிலைப் பார்க்கிறார். மேலே ஓடுகிற ஃபேனைக்கூட அதிசயமாகப் பார்த்தார். பாடுவதற்கு ஒரு பக்கம் வாய்தான் அசைந்தது. அந்த ஒரு பக்கத்தால் பாடினார்.

ஆராதனை முடிந்து அக்கா என் இடது பக்கம் வந்து நின்றார். என்னைப் பார்க்காமல், உதடு அசையாத குறையாக, "அடுத்த வாரத்துலேர்ந்து பிள்ளைங்கள நீயே பாத்துக்கோ சரோ" என்றார்.

ஒரு எழுத்து விடாமல் காதில் விழுந்தது.

"சத்தமா சொல்லுங்கக்கா" என்றேன். "இந்தக் காது மந்தம்."