பொரி கைக்கு வரவில்லை

ஜூன் 2, திங்கள்

வெயில். கத்திரி முடிந்துவிட்டதாம். யாருக்கு முடிந்ததோ. மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில். காசிமேட்டில் ஃபைபர் படகு மீன் மட்டும், அதற்கும் ஏலத்தில் அடிதடி. கொஞ்சம் நண்டு, கொஞ்சம் சங்கரா கிடைத்தது. திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்றுவிட்டு மதியம் வீடு.

மகள் திவ்யா நேற்று ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். லீவில் வந்தவள் ஒரு கினிப் பன்றிக் குட்டி வாங்கி, அதை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. வெள்ளையில் பழுப்புப் புள்ளி. பேர் பொரி. அவள் இருந்தவரை அவள் மடியில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றது. இன்று என்னைக் கண்டதும் அட்டைப் பெட்டிக்குள். மூக்கு மட்டும் வெளியே.

செய்ய: அது இருக்கும் மீன் கிரேட்டை இன்னொரு தடவை சோடா போட்டுக் கழுவ. வைக்கோல். கேஸ் புக் பண்ண. முட்டிக்குத் தைலம்.

கிளம்பும்போது அவள் முகம் சரியில்லை. திருச்சிப் பக்கம் நர்சிங், முதல் வருஷம். “நான் வாயத் தொறந்தாவே சிரிக்கிறாளுங்கமா. நம்ம பேச்சு அவுளுங்களுக்குக் காமெடியா கீது” என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு படி என்றேன். வேறு என்ன சொல்ல.

ஜூன் 4, புதன்

புழுக்கம். கடல் காத்து வரவேயில்லை.

கிரேட்டைக் கழுவ வேண்டும் என்று பொரியைத் தூக்கினால் விசில் மாதிரி ஒரு கத்தல். தெருவுக்கே கேட்டிருக்கும். பக்கத்து வீட்டுக் குமாரி எட்டிப் பார்த்து, “இன்னா கற்பகம், பெருச்சாளி வளக்குற?” என்றாள். விஷயத்தைச் சொன்னேன். “உன் கை கவுச்சி அதுக்கு ஆவல. நம்ம பஸ்ல ஒக்காந்தாவே மன்சனுங்க மூஞ்சத் திருப்பிக்கிறானுங்க. அது வாயில்லா ஜீவன், இன்னா பண்ணும்?”

அதுவும் சரிதான். எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவினேன். இறால் கொம்பு குத்தின இடமெல்லாம் காந்தல். அப்புறம் புளி. அப்புறம் சோப்பு. மறுபடி தூக்கினேன். அதே கத்தல்.

வீட்டுக்காரர் துறைமுகத்தில் வலை பின்னிவிட்டு வந்து, பார்த்துச் சிரிக்கிறார். உதவி ஒன்றும் இல்லை.

ஜூன் 6, வெள்ளி

பொரி இரண்டு நாளாகத் தீனி தொடவில்லை. கடைக்காரன் கொடுத்த முயல் தீனி அப்படியே கிடக்கிறது. இன்று பார்த்தால் பின்னங்கால் வழுக்கி வழுக்கி இழுக்கிறது.

கிரேட்டோடு ஷேர் ஆட்டோ ஏறினேன். எண்ணூர் ரோடு முழுக்கக் கண்டெய்னர் லாரி, நகரவில்லை. பக்கத்தில் ஒருத்தர், “இன்னாமா அது, கீரியா?” பதில் சொல்லச் சக்தியில்லை. ஆமாம் என்றேன்.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண். தூக்கினாள், பொரி கத்தவே இல்லை. அவள் சொன்னது: “இதுங்களுக்கு வைட்டமின் சி உடம்புல ஊறாதும்மா. நாமதான் குடுக்கணும். தினம் இந்தச் சொட்டு மருந்து வாயில விடுங்க. கொத்தமல்லி, கொய்யா வைங்க. ஆனா துரத்திப் புடிக்காதீங்க. குட்டி, பயத்துலயே சாப்பாட்ட நிறுத்திடும். அப்புறம் தாங்காது. அதுவா கைக்கு வரணும்.”

அதுவா எப்ப வரும் என்று கேட்டேன். பழக்கணும்மா என்றாள். எனக்கு எங்கே நேரம்.

அவள் கையில் ஏதோ நல்ல சோப்பு வாசனை. அதனால்தான் கத்தவில்லை என்று நினைத்து, வரும் வழியில் அதே மாதிரி மருந்து சோப்பு வாங்கினேன். வீட்டில் அதைப் போட்டுக் கழுவித் தூக்கினேன். கத்தல். ச்சே.

இதற்கு ஏதாவது ஆனால் திவ்யாவுக்கு என்ன சொல்வேன்? போனில் பொரியைப் பற்றி மட்டும்தான் பேசுகிறாள். காலேஜைப் பற்றிக் கேட்டால் கட் பண்ணிவிடுகிறாள். பொரியும் போய்விட்டால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். நிச்சயம். அப்புறம் என்ன, அவளுக்கும் என் கூடை, என் ஏலம், என் முட்டிவலி. அதற்கா இந்தப் பாடு? பயமாக இருக்கிறது. பொரிக்கு உடம்பு சரியில்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நண்டு சீக்கிரம் தீர்ந்தது. முதுகு தீர்ந்தது.

சாயங்காலம் திவ்யா வீடியோ கால். பொரியக் காட்டு, பொரியக் காட்டு. வீட்டுக்காரர் போனைப் பிடித்தார், நான் கிரேட்டுக்குள் கையை விட்டுத் தூக்கினேன். கத்தல், துள்ளல், வழக்கம்போல. போனுக்குள் திடீரென்று சிரிப்பு.

“மா, இன்னாமா நண்டு தூக்குற மாரியே தூக்குற? மேலேந்து வந்து, பின்னால ரெண்டு வெரல வெச்சி அமுக்கி. அதுக்குப் பருந்து வந்து தூக்குற மாரி இருக்கும்.”

கையைப் பார்த்தேன். உண்மைதான். கூடைக்குள் கை போனால் இப்படித்தான் போகும். கொடுக்கு படாமல் நண்டின் முதுகு ஓட்டைப் பின்பக்கமாகப் பிடிக்க வேண்டும், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே பிடி. என் கை என்ன செய்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அந்த டாக்டர் அடியில் இரண்டு கையும் கொடுத்துத் தூக்கினாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், மண்டையில் ஏறவில்லை. நான் போய் சோப்பு வாங்கியிருக்கிறேன்.

“உங்கொம்மா என்னியே அப்டித்தான் புடிச்சா” என்றார் வீட்டுக்காரர். திவ்யா மறுபடி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று. “தரையில கைய வெச்சிட்டு சொம்மா இரு. பக்கத்துல வெய்யி, மேல கொண்டு போவாத” என்றாள்.

சொம்மா இருக்கச் சொல்கிறாள். எனக்கு அது தெரியாதே.

ஜூன் 11, புதன்

கரண்ட் இல்லை, காலையிலிருந்து. ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பொரி பக்கத்தில் வைத்தேன். இதற்கு வெயில் ஆகாது. எனக்கும் ஆகாது, யார் வைக்கிறார்கள்.

கிரேட்டைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தாயிற்று. கையைத் தரையில் நீட்டி, உள்ளங்கையில் கொய்யாத் துண்டு. வருகிறது, நிற்கிறது. பொறுமை போய் விரல் கொஞ்சம் அசைந்தால் போதும், பெட்டிக்குள். மருந்தைக் கொய்யாவில் சொட்டி வைத்துவிட்டு வந்தேன். நான் இல்லாதபோது பாதி தின்றிருக்கிறது. வாயில்தான் விட வேண்டும் என்றாள் டாக்டர். என்ன செய்ய.

மத்தியானம் திவ்யா. இன்று பொரி பேச்சு இல்லை. கிளாஸில் எழுந்து நின்று பாடத்தைச் சொல்லச் சொன்னார்களாம், இவள் சொல்ல, கிளாஸே சிரித்ததாம். “நான் வந்துடறேன்மா.” எனக்கு வந்த ஆத்திரத்தில், “வந்தேன்னா கால ஒடிச்சிடுவேன்டி” என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. கட் பண்ணிவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

பொரி பெட்டிக்குள். என் சத்தம் அதையும் பயமுறுத்திவிட்டது.

ஜூன் 14, சனி

இன்றோடு தடைக்காலம் முடிகிறது. காசிமேட்டில் திருவிழாக் கூட்டம். ஐஸ், டீசல், அரிசி, தண்ணீர்க் கேன். படகுக்குப் பூ, கற்பூரம். வீட்டுக்காரருக்கு: லுங்கி, சுருட்டு, பல் வலி மாத்திரை, சார்ஜர் (வேலை செய்யாது, ஆனாலும்).

கடலுக்குப் போகும்போது கிரேட் முன்னால் குந்தி ஒரு கட்டு கொத்தமல்லியைப் போட்டார். “இன்னாடா, நான் வர்றதுக்குள்ள செத்துகித்துப் பூடாத.” என்னிடம், “புள்ளையாண்ட கத்தாத மே” என்றார். சரி என்றேன். திவ்யா மூன்று நாளாகப் பேசவில்லை. மெசேஜுக்கு மட்டும் ‘ம்’.

ஜூன் 17, செவ்வாய்

மீன், மீன், மீன். வஞ்சிரம், கானாங்கத்தை, இறால் கூடைகூடையாக. காலையிலிருந்து நின்றே வியாபாரம். வீட்டுக்கு வந்ததும் சோறு இறங்கவில்லை. கை கழுவக்கூட எழுந்திருக்க முடியவில்லை. பொரிக்குக் கொய்யா வைக்க உட்கார்ந்தவள் அப்படியே தரையில் சாய்ந்துவிட்டேன், கை கிரேட்டுக்குள்.

மணிக்கட்டில் குறுகுறு என்று ஏதோ. கண்ணைத் திறந்தால் பொரி. என் கையை நக்கிக்கொண்டிருக்கிறது. கவுச்சிக் கை, மீன் செதில் ஒட்டின கை. உப்பு ருசி போல. நக்கி முடித்து, கையின்மேல் மோவாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. மூச்சு விடுவது தெரிந்தது.

எலுமிச்சை, புளி, சோப்பு, எல்லாம் தண்டம்.

அசையவில்லை. வெளியே குமாரி கூப்பிட்டாள், பதில் சொல்லவில்லை. அழுகை வந்தது. தூக்கம் போதாததால்தான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

மேகம், மழை இல்லை. பொரி தானாக மடிக்கு வந்தது. மருந்து வாயில், முழுசாக. கொஞ்சம் என் புடவையில் துப்பிற்று, பரவாயில்லை. பின்னங்கால் முன்னைவிடத் தேவலை. ஆஸ்பத்திரிக்கு மறுபடி காட்ட வேண்டும்.

போட்டோ எடுத்துத் திவ்யாவுக்கு அனுப்பினேன். பார்த்திருக்கிறாள், நீல டிக். பதில் இல்லை.

ஜூன் 21, சனி

வெக்கை. வியாபாரம் சுமார். வீட்டுக்காரர் இன்னும் கடலில்.

சாயங்காலம், மருந்து கொடுத்து முடித்திருந்தேன், பொரி மடியில் கொத்தமல்லி தின்றுகொண்டிருந்தது. திவ்யா போன். பின்னால் ஹாரன், கண்டக்டர் சத்தம்.

“மா, பஸ் ஸ்டாண்ட்ல கீறேன். பெட்டி எட்த்துனு வந்துட்டேன்.”

வாய் வரைக்கும் வந்துவிட்டது, கால ஒடிப்பேன், நைனா கடல்ல கீறாரு, எல்லாம். கத்தினால் பொரி ஓடிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“மா? லைன்ல கீறியா?”

“கீறேன்.”

“இன்னா பேச மாட்ற?”

“பொரி மடில கீது.”

அழுதாள். அழுகையோடே பேசினாள். கிளாஸில் யார் யார், எப்படி எப்படிச் சிரிப்பார்கள், மெஸ்ஸில் தனியாக உட்காருவது, வாயை மூடி மூடித் தாடையே வலிப்பது. இதில் பாதி எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை, ம் மட்டும் சொன்னேன். அவள் சத்தமாக, வீட்டில் பேசுகிற மாதிரியே பேசிக்கொண்டிருந்தாள், பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் நடுவில்.

“மெட்ராஸ் பஸ் வந்துட்ச்சி. ஏறட்டா?”

வராதே என்று சொல்லத்தான் ஆசை. வா என்று சொல்லவும் ஆசை. “நீயே பாத்துக்கோ. வந்தா சோறு கீது” என்றேன்.

பொரி தின்பதை நிறுத்திவிட்டு அப்படியே இருந்தது. கால் மரத்துப்போயிற்று. போனில் எஞ்சின் சத்தம், விசில், மறுபடி எஞ்சின். கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன், ஆகவில்லை. சத்தம் தள்ளிப் போனது.

“மா.”

“சொல்லு.”

“பஸ் பூட்ச்சி.”

சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை, இங்கேயே தோசை சாப்பிட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்றாள்.