பூமி வயிற்றுச் சூடு

பாகூர்
ஸ்ரீமுக வருஷம், மார்கழி 12

சிரஞ்சீவி சம்மந்தத்துக்கு உன் தகப்பன் ஆதிமூலம் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. சைகோனில் நீயும் மருமகளும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இவ்விடம் க்ஷேமம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவது வழக்கம், இந்தத் தடவை அந்த வரிக்குக் கை வரவில்லை, அதை விட்டுவிட்டு மேலே எழுதுகிறேன்.

உன் அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே இருந்த சில்லிப்பு இப்போது இடுப்புக்கு ஏறிவிட்டது. புதுச்சேரி டாக்டர் பார்த்தார், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், உன் தங்கை காசம்மாள் மட்டும் தெரியாதது போல மாமியார் ஊர் உறுவையாற்றிலிருந்து வந்து தைலம் காய்ச்சித் தேய்த்துக்கொண்டு இருக்கிறாள். வேலை நாளில் பெண்டாட்டியை அனுப்பிவிட்டு மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, அந்த மட்டுக்கும் நல்ல பிள்ளை.

அம்மாவுக்கு இருந்த ஒரே ஆறுதல் நம் கரும்புக் கொல்லைக் குழாய்தான். உனக்குத் தெரியாததா, ஆழத்திலிருந்து தானே பொங்கி வந்து தொட்டியில் விழும், மார்கழிப் பனியில் ஆவி பறக்கும், சின்ன வயதில் நீ அதில் இறங்கினால் லேசில் ஏறமாட்டாய். பூமிக்கு வயிற்றில் நெருப்பு இருக்குது அம்மா, அதனாலதான் தண்ணி சுடுது என்று பள்ளிக்கூடத்துப் பாடத்தை அவளுக்குச் சொன்னவனும் நீதான். அதை அவள் சாமி வாக்கு போல வைத்துக்கொண்டாள். தினம் காலையில் வண்டியில் வைக்கோல் பரப்பி அவளை ஏற்றிக்கொண்டு போய்த் தொட்டியில் காலை விட்டு உட்கார வைத்தால் போதும், வலி தெரியாது, வாயும் ஓயாது, கொல்லை ஆட்களை ஒருவர் பாக்கியில்லாமல் வம்புக்கு இழுப்பாள்.

இந்த வருஷம் அதுவும் போயிற்று. கரும்பு ஆசையில் சுற்றுவட்டத்தில் ஆளாளுக்குக் குழாய் இறக்கிவிட்டார்கள், எல்லாக் குழாயும் பொங்கினால் எதற்கு வேகம் இருக்கும். நம்முடையதில் இப்போது சுண்டுவிரல் கனம்தான் விழுகிறது, மெதுவாக மேலே ஏறி வருவதற்குள் ஆறிப்போய்க் கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது. குழாய் இறக்குகிற ஆள் வந்து பார்த்து, வேகம் செத்துப்போச்சு பெரியவரே, ஒண்ணும் செய்யறதுக்கில்ல என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இதை எடுத்துச் சொன்னால் உன் அம்மா கேட்கிறாளா. பூமி வயிறே ஆறிப்பூடுச்சி, என் ஒடம்பு எம்மாத்திரம், நெஜமா ஆறிடுமான்னு புள்ளய ஒரு வார்த்த கேட்டு எழுதுங்க என்றாள். அதனால்தான் போன கடிதத்தில் அந்தக் கேள்வியை எழுதினேன்.

நீயும் படித்தவன், பொறுப்பாகப் பதில் எழுதியிருந்தாய். உள்ளே இருக்கிற நெருப்பு ஆறிக்கொண்டுதான் இருக்கிறது, முழுக்க ஆறுவதற்குக் கோடானுகோடி வருஷம் ஆகும், நமக்குக் கவலை இல்லை என்று. நான் ஒரு மடையன், முதலில் மனதுக்குள் படித்துப் பார்க்காமல் தபால்காரன் கொடுத்த கையோடு அவள் தலைமாட்டில் உட்கார்ந்து உரக்கப் படித்துவிட்டேன். கோடி அவள் காதில் ஏறவில்லை. அப்ப ஆறத்தான் போவுதா என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதிலிருந்து கஞ்சிகூடச் சரியாக இறங்கவில்லை. உன் மேல் தப்பில்லை, நீ உள்ளதை எழுதினாய். உள்ளதைக் கேட்கிற நிலையில் இங்கே யாரும் இல்லையடா.

மனசு கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். அம்மாவைக் கொல்லைக்கு அழைத்து வரச் சொல்லிவிட்டு, காசம்மாள் வண்டி கட்டுவதற்கு முன்னால் நான் போய், கரும்புத் தோகையை எரித்து அண்டாவில் தண்ணீர் காய வைத்துத் தொட்டியில் ஊற்றினேன், சாம்பல் மேல் மண்ணைத் தள்ளி மூடினேன். உன் அம்மா வந்து காலை விட்டாள். பார், குழாய்க்குப் பழைய சூடு திரும்பிவிட்டது என்றேன். அவள் ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்து பார்த்தாள். பொக வாடை அடிக்குது என்றாள், ஆனால் தண்ணீர் முழுக்க ஆறுகிற வரைக்கும் காலை எடுக்கவில்லை. திரும்பி வரும்போது காசம்மாளுக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னாள், புள்ளைக்கு எழுதறப்போ கொழாத் தண்ணி சூடாத்தான் வருதுன்னு எழுதுங்க, அங்க கெடந்து கவலப்பட்டுக்கினு இருப்பான் என்று. நான் துண்டால் வாயை மூடிக்கொண்டு அழுதேன், உன்னிடம் சொல்ல எனக்கு என்ன வெட்கம்.

கப்பல் ஏறி வா என்று எழுத மாட்டேன், நீ வந்து சேர்கிற வரைக்கும் அவள் தாங்க மாட்டாள். இதற்கு நீ போடுகிற பதிலும் அதற்குள் வந்து சேராது. ஆனாலும் போடு. உறை மேலே தையலம்மாள் என்று அவள் பேருக்கே போடு. பூமியின் சூடு ஆறாது அம்மா என்று மட்டும் எழுது, கோடிக் கணக்கெல்லாம் வேண்டாம். அவள் இருந்தால் தலைமாட்டில் உட்கார்ந்து படிக்கிறேன், இல்லாவிட்டால் அந்தத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து படித்துவிடுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் முழுக்கை விடாதே, குழந்தைக்கு உன்னைப் பெற்ற ஆயா பேரைச் சொல்லிப் பழக்கு. மூன்று பேருக்கும் என் ஆசீர்வாதம், அம்மாவுடையதும். பதில் போட மறக்காதே. இப்போது அம்மா கண் விழித்து, நான் சொன்னத எழுதியாச்சா என்று கேட்கிறாள். ஆகையால் எழுதுகிறேன். குழாய்த் தண்ணீர் சூடாகத்தான் வருகிறது.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆதிமூலம்